மல் துணியில் ஒரு ஞானஸ்நானக் கவுன்

ஞானஸ்நானக் கவுன் என்று கேட்டால் இப்போது கடைகளில் எடுத்துப் போடுவது நெட், சாட்டின், பசை வைத்து ஒட்டிய முத்து, கழுத்தோரத்தில் மினுக்கு நூல். பார்க்கப் பளிச்சென்று இருக்கும். நாலு மாதக் குழந்தைக்கு அதை மாட்டி, பாளையங்கோட்டை வெயிலில் ஒரு ஆராதனை முழுக்க மடியில் வைத்திருப்பது பாவம். தம்பி மகளுக்குக் கவுன் நானே தைக்கிறேன் என்று சொன்னதும் தம்பி மனைவிக்கு ஒரே சந்தோஷம். "முத்து வச்ச கவுனு பாக்க நல்லாத்தான் இருக்கு மதினி, பிள்ளைக்கு உறுத்துமேன்னுதான் வாங்காம வந்துட்டேன்" என்றாள்.

எனக்கு வேறொரு காரணமும் இருந்தது. நம் பக்கத்துப் பழைய கிறிஸ்தவ வீடுகளில் டிரங்குப் பெட்டிக்குள் கிடக்கும் வெள்ளைக் கவுன்களைக் கையில் எடுத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: அவற்றில் அலங்காரம் என்று மேலே வைத்தது அநேகமாக ஒன்றுமே இருக்காது. துணியை மடித்தால் டக். நெருக்கிப் பிடித்தால் சுருக்கு. அறுத்து நடுவில் பின்னலை இறக்கினால் லேஸ் பட்டை. ஓரத்தை நூலால் மூடி வெட்டினால் வளைவு. தையலே அங்கே அழகு, அழகே அங்கே உறுதி. இந்தக் கவுனில் கடைசி வரை அந்த முறையை விடுவதில்லை என்று முதலிலேயே முடிவு செய்துகொண்டேன். கடையில் வாங்குவது துணி, நூல், பொத்தான் மட்டும்.

லேஸ் வீட்டிலேயே இருந்தது. ஆச்சி இடையன்குடிப் பக்கத்துக்காரி. சிறு பிள்ளையில் தலையணை வைத்து லேஸ் பின்னப் பழகியவள். அவள் பெட்டியில் ஒரு அங்குல அகலப் பட்டை லேஸும், ஒரு பக்கம் விசிறி விசிறியாக முடியும் ஓர லேஸும் துண்டு துண்டாகச் சுருட்டிக் கிடந்தன. இந்தக் கைவேலை நம் சீமைக்கு வந்த வழி ஓரளவு தெளிவாகத் தெரியும். நாகர்கோவிலில் மிஷனரி சார்லஸ் மால்ட்டின் மனைவி மார்த்தா மால்ட் 1820-களில் பெண்பிள்ளைகளுக்கு லேஸ் பின்னச் சொல்லிக்கொடுத்தார். அவர் மகள் எலைசாவை 1844-இல் கால்டுவெல் திருமணம் செய்தார். அம்மாவிடம் கற்ற வேலையை எலைசா இடையன்குடிக்குக் கொண்டுவந்தார். கால்டுவெல் அங்கே கட்டிய ஆலயம் முடிய 33 வருடம் பிடித்தது, 1847-இல் தொடங்கி 1880 வரை. அந்த வருடங்களில் அதே ஊரில் பெண்களின் தலையணைகளில் எத்தனை கெஜம் லேஸ் இறங்கியிருக்கும் என்று எனக்கு அடிக்கடி தோன்றும். ஆலயத்தைப் பற்றிப் பேசுகிற அளவுக்கு அந்தப் பின்னலைப் பற்றி நாம் பேசுவதில்லை.

பெட்டியிலிருந்து எடுத்த லேஸ் பழுப்பேறி, சில இடங்களில் அறுந்து, இரண்டு இடத்தில் பழைய குண்டூசியின் துருக்கறையோடு இருந்தது. இதைச் சரிசெய்யத்தான் இந்த வேலையிலேயே அதிக நேரம் போனது.

முதலில் கழுவுதல். பழைய லேஸை அப்படியே தண்ணீரில் போட்டால் நனைந்த பாரத்திலேயே கிழியும். பழைய வேட்டித் துணி ஒன்றின் மேல் விரித்து, பெரிய பெரிய ஓட்டத் தையலாக அதோடு சேர்த்துத் தைத்துவிட்டேன். பிறகு குளிர்ந்த தண்ணீரில் ஊறப் போட்டு, தண்ணீர் மஞ்சளாக மாற மாற ஊற்றிவிட்டு வேறு தண்ணீர் மாற்றினேன். அதன்பின் பூந்திக்கொட்டை நுரையில் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி எடுத்தேன். கசக்கவே கூடாது. துருக்கறைக்கு எலுமிச்சைச் சாறு. இதில் கவனம் வேண்டும். சாறும் உப்பும் போட்டு வெயிலில் காயவைப்பது வீட்டுப் பழக்கம், கறையும் போகும். ஆனால் அமிலம் காய்ந்தால் பருத்தி இழை நைந்துவிடும். கறை மேல் மட்டும் சாறு விட்டு, காயவிடாமல் சில நிமிடம் வைத்து, நிறையத் தண்ணீரில் அலசினேன். ஒரு கறை முழுதாகப் போனது. இன்னொன்று மங்கலாக நின்றது. அந்த இடத்தைத் தோள் மடிப்புக்குள் போகும்படி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். வெள்ளையாக்கப் பிளீச்சிங் பவுடர் போடலாமே என்று கேட்டவர்கள் உண்டு. இத்தனை வயதான இழைக்கு அது எமன்.

அறுந்த இடங்களில் இழை கோக்க இந்தப் பின்னலின் இயல்பு தெரிய வேண்டும். இறுக்கமாக அடைத்த தலையணையில் துளையிட்ட அட்டையைக் குத்தி, துளைக்குத் துளை குண்டூசி நட்டு, கட்டையில் சுற்றிய நூல்களை ஜோடி ஜோடியாகப் பிடித்துப் பின்னுவது இது. எவ்வளவு சிக்கலான பூவாக இருந்தாலும் அடிப்படை அசைவு இரண்டுதான்: குறுக்கே மாற்றுவது, முறுக்குவது. என்னிடம் இருந்தது டார்ஷன் வகை. அதில் வலையின் இழைகள் சாய்வாக, மூலைவிட்டமாக ஓடும். ஆகவே ஒரு இழை அறுந்தால் ஓட்டை நேராக விரியாது, சாய்வாக விரியும். கறுப்புத் துணி மேல் லேஸை விரித்துப் பார்த்தால் அந்தச் சாய்வு தெளிவாகத் தெரியும். நல்ல இடத்தில் மூன்று நான்கு கண்ணுக்கு முன்பே புது நூலைத் தொடங்கி, அறுந்த இழை போயிருக்க வேண்டிய வழியிலேயே ஊசியால் மேலும் கீழுமாகக் கோத்துக்கொண்டு போய், மறுபக்கம் நல்ல இடத்தில் மூன்று நான்கு கண் தாண்டி முடித்தேன். முடிச்சு எங்கேயும் போடவில்லை. முடிச்சு விழுந்தால் அந்த இடம் தடித்து, அடுத்த இழையை அறுக்கும்.

ஆச்சியின் பெட்டியில் மரக்கட்டையில் சுற்றிய நூல்கண்டு ஒன்றும் இருந்தது. விக்கிரமசிங்கபுரத்து ஆலையில் வேலை பார்த்த உறவுக்காரர் யாரோ கொடுத்தது என்பார்கள். 1880-களில் ஹார்வி சகோதரர்கள் பாபநாசத்துத் தண்ணீரின் விசையை நம்பித் தொடங்கி, பிற்பாடு மதுரா கோட்ஸ் என்று ஆன ஆலை அது. அந்த நூலையே கோக்கலாம் என்ற ஆசையோடு இரண்டு கையாலும் பிடித்து லேசாகச் சுண்டினேன், பட்டென்று அறுந்தது. பழைய நூல் பார்வைக்கு எத்தனை பொருத்தமாக இருந்தாலும் இந்தச் சோதனையில் தேறாவிட்டால் தொடக் கூடாது. மெல்லிய புதுப் பருத்தி நூலையே எடுத்தேன்.

அடுத்தது துணி. டவுணில் ரத வீதிப் பக்கம் 36 அங்குல அகல மல் துணி இரண்டரை மீட்டர் வாங்கினேன். மல் வாங்கும்போது உள்ளங்கையை அடியில் வைத்து ரேகை தெரிகிறதா என்று பாருங்கள், தெரிய வேண்டும். அப்புறம் ஒரு ஓரத்தைக் கசக்கி விடுங்கள். வெள்ளைத் தூள் உதிர்ந்தால் அத்தனையும் கஞ்சி, கழுவினதும் துணி வலையாகிவிடும்.

கடை மல் நீலம் கலந்த வெள்ளை. லேஸ் யானைத்தந்த வெள்ளை. இரண்டையும் பக்கத்தில் வைத்தால் லேஸ் அழுக்காகத் தெரிந்தது. லேஸை வெளுக்க முடியாது என்றால் துணிதான் இறங்கி வர வேண்டும். முதலில் சலவைச் சோடா ஒரு ஸ்பூன் போட்டு வேகவைத்துக் கடைக் கஞ்சியைப் போக்கினேன். அதில் நீளமும் நன்றாகச் சுருங்கியது, அகலம் 35 அங்குலம் ஆனது. எந்தக் காரணத்துக்காகவும் மல்லைச் சுருக்காமல் வெட்டாதீர்கள். பிறகு நாலு லிட்டர் வெந்நீருக்கு இரண்டு ஸ்பூன் தேயிலை போட்டு, துளித் தூள் இல்லாமல் துணியில் வடிகட்டி, ஒரு வெட்டுத் துண்டை முக்கிக் காயவைத்துப் பார்த்தேன். ஈரத்தில் நிறம் அதிகமாகத் தெரியும், காய்ந்த பின் பார்த்தால்தான் உண்மை. நிறம் ஒத்து வந்ததும் முழுத் துணியையும் நனைத்தபடியே அதில் இறக்கி, கையை எடுக்காமல் புரட்டிக்கொண்டே இருந்தேன். நின்றால் திட்டு விழும்.

வெட்டிய நாட்கள் ஆடி. காற்று எப்படி அடிக்கும் என்று நம் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மல் துணி மேசையில் நிற்கவே நிற்காது. ஜன்னலை எல்லாம் சாத்தி, ஃபேனையும் நிறுத்தி, வேர்க்க வேர்க்கத்தான் வெட்ட வேண்டியிருந்தது. வெட்டுவதற்கு முன் அரிசிக் கஞ்சி லேசாகப் போட்டு இஸ்திரி போட்டேன். கஞ்சி இருந்தால் மல் காகிதம் மாதிரி மடிப்பு நிற்கும். இந்தக் கவுனுக்கு அது இல்லாமல் முடியாது, ஏனென்றால் வேலையில் பாதி டக்.

யோக் என்பது கவுனின் மேல் மார்புப் பகுதி. டக் உள்ள யோக்கில் ஒரு விதி: முதலில் டக் பிடி, பிறகு வெட்டு. குழந்தையின் மார்புச் சுற்று 17 அங்குலம். முன் யோக்குக்கு 8½ அங்குல அகலம் வேண்டும். நடுவில் லேஸ் பட்டை, இரண்டு பக்கமும் எட்டெட்டு டக். ஒவ்வொரு டக்கும் ⅛ அங்குல உயரம் என்றால் மடிப்பின் இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ¼ அங்குலம் துணி தின்னும். பதினாறு டக்குக்கு 4 அங்குலம். ஆக, 12½. ஓரத்துக்கும் சேர்த்து 14 அங்குலத் துண்டாக எடுத்து, டக் எல்லாம் முடித்து இஸ்திரி போட்ட பின்தான் யோக் அளவை அதன் மேல் வைத்து வெட்டினேன்.

கோடு போடச் சாக்குக்கட்டியோ பென்சிலோ வேண்டாம். ஓரத்தில் ஒரே ஒரு இழையை ஊசி முனையால் தூக்கி மெல்ல இழுத்தால் துணி முழுக்க ஒரு நூல் நகர்ந்து கோடு விழும். அந்தக் கோட்டில் மடித்தால் மடிப்பு இழையோடு இழையாக நிற்கும், அரை நூல் கூட விலகாது. மல்லில் இழை பாதியில் அறுந்துபோவது சகஜம். அறுந்த இடத்திலிருந்து அடுத்த முனையைப் பிடித்துத் தொடர வேண்டியதுதான். மெஷினில் 9-ஆம் நம்பர் ஊசி, சின்னத் தையல். வழக்கமான 14-ஆம் நம்பர் ஊசி மல்லில் ஒவ்வொரு குத்துக்கும் ஓட்டை போடும். கால் மெஷினில் இந்த வேலை செய்வது தனி சுகம். மோட்டார் ஓடுகிற வேகத்தில் டக் கோணும். காலால் மிதிக்கும்போது ஒவ்வொரு தையலையும் நிறுத்திப் பார்க்கலாம்.

நடு லேஸ் இறக்குவதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பலர் லேஸைத் துணி மேல் வைத்துத் தைத்து அப்படியே விட்டுவிடுகிறார்கள். அதில் லேஸின் ஒளி போய்விடும். லேஸை யோக்கின் நடுவில் வைத்து, இரண்டு ஓரத்தையும் மெல்லிய ஓட்டத் தையலாகத் தைத்தேன். பிறகு திருப்பிப் போட்டு, லேஸுக்குப் பின்னால் இருக்கும் துணியை மட்டும் நடுவில் நேராகக் கத்தரித்தேன். கத்தரிக்கோலின் மொண்டி முனை லேஸ் பக்கம் இருக்கட்டும். கத்தரித்த இரண்டு சிறகையும் இரு பக்கமும் மடித்து, கால் அங்குலத்துக்கும் குறைவாக வெட்டி, ஓரத்தை எச்சில் தொட்ட விரலால் உருட்டிக்கொண்டே லேஸ் ஓரத்தோடு சேர்த்துச் சுற்றித் தைத்தேன். இந்த உருட்டுத் தையல்தான் பழைய கவுன்களின் உயிர். பிசிறு உள்ளே சுருண்டுகொள்வதால் குழந்தை உடம்பில் எதுவும் உறுத்தாது, எத்தனை சலவைக்கும் லேஸ் பிரிந்து வராது. யோக்கைத் தூக்கி ஜன்னலுக்கு எதிரே பிடித்தால் நடுவில் வெளிச்சம் பின்னல் பின்னலாக இறங்கியது. தம்பி மனைவி அதைப் பார்த்துவிட்டு வெகு நேரம் கீழே வைக்கவில்லை.

கை சாதாரண புஃப் கைதான். சுருக்குக்கு இரண்டு வரி பெரிய தையல், பட்டைக்கு மிச்ச லேஸ். பின்பக்கம் கொக்கி வைக்கவில்லை. மல்லாந்து படுக்கும் குழந்தைக்குக் கொக்கி முதுகில் குத்தும். தட்டையான சின்னச் சிப்பிப் பொத்தான் மூன்று, காஜாவுக்குப் பதில் நூல் வளையம். கழுத்துக்குக் கிராஸ் பீஸ், அதாவது சாய்வாக வெட்டிய துணிப் பட்டை வைத்து உள்பக்கம் கைத்தையல்.

பாவாடைப் பகுதிக்கு இரண்டு முழு அகலத் துண்டு. தையல் எல்லாம் பிரெஞ்சு தையல், அதாவது முதலில் நல்ல பக்கத்தில் தைத்து, ஓரத்தை ஒட்ட வெட்டி, திருப்பி இன்னொரு முறை தைத்துப் பிசிறை உள்ளே அடைப்பது. மல் கண்ணாடி போல எல்லாவற்றையும் காட்டிவிடும், உள்ளே பிசிறு இருந்தால் வெளியே தெரியும். அடியில் மூன்று பெரிய டக், ஒவ்வொன்றும் ¾ அங்குலம். இவை அழகுக்கு மட்டும் வைத்தவை என்று நினைத்தால் தவறு. மூன்றும் சேர்ந்து 4½ அங்குலத் துணியை உள்ளே வைத்திருக்கின்றன. பிள்ளை வளர வளர ஒவ்வொன்றாக அவிழ்த்துவிடலாம். அதனால் அவற்றை மட்டும் மெஷினில் தைக்காமல் கையால் ஓட்டத் தையலாகவே தைத்தேன். அவிழ்க்கும்போது துளை தெரியாது.

டக்குகளுக்கு மேலே ஒரு வரி பூவேலை. சீமைக் கவுன்களில் இந்த இடத்தில் ரோஜாவும் கொடியும் வரும். எனக்கு வீரவநல்லூர் செடிபுட்டா வேண்டும் என்று ஆசை. சௌராஷ்டிர நெசவாளர்கள் கைத்தறியில் கையாலேயே பூ எடுத்து நெய்யும் சேலை அது. 2023-இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. என்னிடம் இருந்த சேலையின் புட்டா மேல் மெல்லிய காகிதம் வைத்து வரைந்தேன். நெசவில் வளைவு படிப்படியாக ஏறி இறங்கும், அதை அப்படியே ஊசிக்குக் கொண்டுவந்தால் முரடாக இருக்கும். படிகளின் நடுப்புள்ளிகளைத் தொட்டு வளைவாக்கி, இலையின் அகலத்தை ¼ அங்குலத்துக்குள் குறுக்கினேன். அந்த அளவுக்குக் காரணம் உண்டு. தேர்ந்தெடுத்த வேலை ஷேடோ ஒர்க். துணியின் பின்பக்கம் இழைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டும் ஹெர்ரிங்போன் தையல் நெருக்கமாக ஓடும், முன்பக்கம் இலையின் இரு ஓரமும் பொடித் தையலாகத் தெரிய, நடுவில் நூலின் நிழல் மட்டும் துணி வழியே தெரியும். இலை அகலமானால் பின்னால் நூல் நீளமாகத் தொங்கி, குழந்தையின் கால்விரல் மாட்டும்.

மல்லில் வரைவது சுலபம். படத்தை அடியில் வைத்தால் மேலே தெரியும், கூரான பென்சிலால் புள்ளி புள்ளியாகத் தொட்டால் போதும். எம்பிராய்டரி நூலின் ஆறு இழையில் இரண்டு இழை எடுத்தேன். வெள்ளை மட்டும். தேயிலை நிறம் ஏறிய துணியில் பால் வெள்ளை நிழல் விழுவது கலர் நூலைவிட அழகு என்பது என் தீர்மானமான அபிப்பிராயம். காம்புக்குக் காம்புத் தையல், பூ நடுவில் பிரெஞ்சு முடிச்சு. ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு நூலை இழுத்துக்கொண்டு போகக் கூடாது, நிழல் தெரியும் துணியில் அந்த நூலும் தெரியும். ஒவ்வொரு பூவுக்கும் தனித் தொடக்கம், தனி முடிவு.

அடி ஓரத்துக்கு லேஸ் போதவில்லை. அங்கே வளைவு ஓரம் வைத்தேன். தையல் போக மிஞ்சிய சுற்றளவு 68 அங்குலம். 54 வளைவு வைத்தால் ஒவ்வொன்றும் 1¼ அங்குலத்துக்கு ஒரு மயிரிழை கூட. மீதி வராமல் முதலிலேயே வகுத்துக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் தையல் கூடும் இடத்தில் அரை வளைவு வந்து கண்ணை உறுத்தும். அட்டையில் ஒரு வளைவு வெட்டி வைத்துக்கொண்டு வரைந்தேன். வளைவுக்கோட்டில் முதலில் இரண்டு வரி ஓட்டத் தையல், அதன் மேல் நெருக்கமாக பட்டன்ஹோல் தையல். அடியில் ஓடும் அந்த இரண்டு வரிதான் ஓரத்துக்குப் பருமன் தரும். எல்லாம் முடிந்ததும் உடனே வெட்டாமல் ஒரு முறை துவைத்துக் காயவைத்தேன். நனைந்ததும் நூலும் துணியும் சேர்ந்து இறுகும், அதற்குப் பிறகு ஓரத்தை ஒட்டி வெட்டினால் பிசிறாது.

உள்ளே போட கேம்பிரிக் துணியில் ஒரு கையில்லாத சிம்மீஸ். அதற்கு அலங்காரம் ஒன்றும் இல்லை.

கவுனைக் குப்புறப் போட்டுத்தான் இஸ்திரி செய்ய வேண்டும். தடித்த துவாலையின் மேல் பூவேலையைக் கவிழ்த்து, பின்பக்கம் ஈரத்துணி வைத்து அழுத்தினால் பூ எழும்பி நிற்கும். நேராகத் தேய்த்தால் முடிச்செல்லாம் நசுங்கும். லேஸ் மேல் இஸ்திரிப் பெட்டியை இழுக்கவே கூடாது, வைத்து எடுக்க வேண்டும்.

ஞானஸ்நானம் ஆவணியில், ஊசிக்கோபுரம் ஆலயத்தில். போதகர் ஐயர் தலையில் விட்ட தண்ணீர் வழிந்து கழுத்தும் யோக்கும் நனைந்தன. ஆராதனை முடிவதற்குள் மல் காய்ந்துவிட்டது. பிள்ளை அழவில்லை.

பத்திரப்படுத்தும்போது கஞ்சியை முழுக்க அலசிவிட்டுத்தான் வைத்தேன். கஞ்சி இருந்தால் இராமபாணப் பூச்சி வரும். மடிப்பு விழுந்த இடத்தில்தான் பழைய துணி முதலில் கிழியும் என்பதால் சுருட்டி, நீலம் போடாத பழைய பருத்தித் துணியில் சுற்றி, கூடவே ஒரு சின்னத் துணி முடிச்சில் வசம்பு. டக் அவிழ்க்க நினைப்பவர்கள் மேல் டக்கிலிருந்து தொடங்குங்கள், அடி இரண்டும் வளைவு ஓரத்துக்குப் பாரமாக நின்று தொங்கலைச் சரியாக வைத்திருக்கும். அவிழ்த்த கோட்டில் மங்கலாக ஒரு மடிப்புத் தடம் இருக்கும். வெள்ளை வினிகர் கலந்த தண்ணீர் தெளித்து இஸ்திரி போட்டால் பெரும்பாலும் போய்விடும்.

விசிறி ஓர லேஸில் 9 அங்குலம் மிச்சம் இருக்கிறது. இனிமேல் பிள்ளைக்குத் தைக்கப் போகும் தொப்பியின் முன்விளிம்புக்கு 12 வேண்டும். காதுக்கு மேல் வரும் இடத்தில் இரண்டு பக்கமும் ஒன்றரை அங்குலம் டக் பிடித்த பட்டை வைத்தால் சரியாக வரும். மார்கழிப் பனிக்கு முன்னால் தைத்துவிட வேண்டும்.